சாலரி சாக்ரிஃபைஸா, சாதாரணப் பிடித்தமா? பிரிட்டனில் குறைந்தபட்ச ஊதியக் கோட்டருகே பென்ஷன் கணக்கு

பிரிட்டனில் 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 12.71 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பளம் கொடுக்கக் கூடாது. 18 முதல் 20 வயது வரை 10.85 பவுண்ட். 18 வயதுக்குக் கீழே 8 பவுண்ட். கடை, பெட்ரோல் நிலையம், உணவகம், முதியோர் இல்லம் என்று இந்தக் கோட்டை ஒட்டியே சம்பளம் ஓடும் தொழில்களில் தமிழர்கள் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள், தொழிலாளிகளாகவும் இருக்கிறார்கள். அவர்களிடம் கணக்காளரோ பென்ஷன் விற்பவரோ வந்து சொல்லும் யோசனை ஒன்று உண்டு: “பென்ஷன் பணத்தை சாலரி சாக்ரிஃபைஸ் வழியாகப் போடுங்கள், இரண்டு பக்கமும் மிச்சம்.” 40,000 பவுண்ட் வாங்குபவருக்கு இது சரியான யோசனை. 25,000 வாங்குபவருக்கு எப்போது சரி, எப்போது சட்டமீறல் என்பதைத்தான் இங்கே கணக்கிட்டுப் பார்க்கிறோம்.

பெயரில் தியாகம் இருந்தாலும் இதில் தியாகம் எதுவும் இல்லை. தொழிலாளி ஒப்பந்தத்தைத் திருத்தி, ரொக்கச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். அந்தத் தொகையை முதலாளி தன் பங்காகப் பென்ஷனில் போடுகிறார், அல்லது அதற்கு ஈடாக சைக்கிளோ மின்சாரக் காரோ தருகிறார். விட்டுக்கொடுத்த பணம் சம்பளமே இல்லை என்பதால் அதன்மேல் வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்ஷூரன்ஸும் (சம்பளத்தின்மேல் தொழிலாளியும் முதலாளியும் கட்டும் சமூகக் காப்பீட்டுத் தொகை) இல்லை.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வரிக்கணக்கில் சம்பளமாக இல்லாத பணம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கிலும் சம்பளம் ஆகாது. முதலாளி தரும் பொருளோ வசதியோ அந்தக் கணக்கில் சேராது. தங்குமிடம் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கும் நாளுக்கு 11.10 பவுண்ட் என்று வரம்பு உண்டு. ஆகவே விட்டுக்கொடுத்தது போக மிஞ்சும் ரொக்கம், வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் 12.71 வர வேண்டும்.

பென்ஷனுக்குத் தொழிலாளி போடும் ஐந்து சதவீதப் பங்கைச் சாதாரணப் பிடித்தமாக எடுத்தால் கதை வேறு. முதலில் முழுச் சம்பளமும் தொழிலாளிக்குச் சேர்ந்துவிட்டது. பிறகு அவர் பங்கு பென்ஷன் நிறுவனத்துக்குப் போகிறது, முதலாளியின் கைக்குப் போகவில்லை. அதனால் அது குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. மணிக்குச் சரியாக 12.71 வாங்குபவரிடம் பென்ஷன் பிடித்த பிறகு கையில் வருவது 12.71க்குக் கீழே போனாலும் குற்றமில்லை. அதே ஆளிடம் சாலரி சாக்ரிஃபைஸில் ஒரு பென்னி எடுத்தாலும் மீறல். கையிலிருந்து போவது அதே பணம், போய்ச் சேர்வதும் அதே பென்ஷன் கணக்கு. கொடுத்துப் பிடித்ததா, கொடுக்கவே இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

எவ்வளவு மிச்சம், யாருக்கு?

வாரம் 37.5 மணி, மணிக்கு 13.50 பவுண்ட் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,950 மணி, 26,325 பவுண்ட். தொழிலாளியை முதலாளி தானாகவே பென்ஷனில் சேர்க்க வேண்டும் என்ற ஆட்டோ என்ரோல்மென்ட் விதிப்படி 6,240க்கு மேல் 50,270 வரையுள்ள சம்பளத்துக்குத்தான் பென்ஷன் கணக்கு. மொத்தம் 8 சதவீதம்; அதில் முதலாளி குறைந்தது 3, மீதி 5 தொழிலாளி. 26,325இல் 6,240 போக 20,085. அதில் 5 சதவீதம் 1,004.25 பவுண்ட்.

சாதாரணப் பிடித்தத்தில் இவருக்கு 20 சதவீத வரிச்சலுகை கிடைக்கும். சாலரி சாக்ரிஃபைஸிலும் அந்த 20 உண்டு. கூடவே 8 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸும் மிச்சம். 1,004.25இல் 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 80.34 பவுண்ட். முதலாளிக்கு 15 சதவீதம், அதாவது 150.64 பவுண்ட். வித்தியாசம் இவ்வளவுதான். மாதம் ஆறேமுக்கால் பவுண்டுக்காக ஒப்பந்தத்தைத் திருத்தி, மாதாமாதம் ஊதியக் கோட்டைச் சரிபார்க்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படிக்கலாம்.

அந்த 80 பவுண்டும் எல்லாருக்கும் முழுதாக வராது. குறைந்த வருமானத்தாருக்கான அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவருக்குக் கையில் வரும் ஒவ்வொரு கூடுதல் பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவித்தொகையில் குறையும். எந்த வழியில் பென்ஷன் போட்டாலும் அந்தத் தொகையை யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் கழித்துவிடுவதால், சாக்ரிஃபைஸால் கூடுதலாக வருவது நேஷனல் இன்ஷூரன்ஸ் மிச்சம் மட்டுமே. 80.34இல் அவருக்கு நிற்பது 36 பவுண்ட் சொச்சம்.

மாறாக, பிளான் 5 மாணவர் கடன் (இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களின் கடன்) இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் லாபம் தெரியும். 25,000க்கு மேற்பட்ட சம்பளத்தில் 9 சதவீதம் பிடிப்பார்கள். சாக்ரிஃபைஸ் செய்த சம்பளமே அந்தக் கணக்குக்கும் அடிப்படை என்பதால் மேலே சொன்னவருக்கு ஆண்டுக்கு இன்னொரு 90 பவுண்ட் கையில் நிற்கும். கடன் அப்படியே இருக்கிறது, தள்ளிப்போகிறது, அவ்வளவே.

முதலாளியின் 15 சதவீதத்துக்கு வருவோம். சின்னக் கடைக்காரர்களிடம் இந்தத் திட்டத்தை விற்பவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காத ஒரு விஷயம் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ். தகுதியுள்ள முதலாளிக்கு ஆண்டுக்கு முதல் 10,500 பவுண்ட் நேஷனல் இன்ஷூரன்ஸ் தள்ளுபடி. 12.71 வீதம் வாரம் 37.5 மணி வேலை செய்யும் ஒருவருக்கு முதலாளி கட்ட வேண்டியது 24,784.50இல் 5,000 போக மிச்சத்தில் 15 சதவீதம்: 2,967.68 பவுண்ட். மூன்று பேருக்கு 8,903. அது முழுக்கத் தள்ளுபடியில் அடங்கிவிடும். கட்டாத பணத்தில் மிச்சம் பிடிக்க முடியாது. மூன்று முழுநேர ஆட்கள் உள்ள கடைக்கு சாலரி சாக்ரிஃபைஸால் முதலாளி பக்கம் ஒரு பென்னிகூட லாபம் இல்லை. வேலையும் ஆபத்தும் மட்டும் மிச்சம். அப்படிப்பட்ட கடைக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்தது: சாதாரணப் பிடித்தமே போதும்.

கோடு எங்கே விழுகிறது?

நான்கு பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது, மணிக்கு எவ்வளவு கொடுத்தால் ஐந்து சதவீதத்தையும் விட்டுக்கொடுத்த பிறகு 12.71 நிற்கும் என்பது. கண்மதிப்பாக 13.20 போதும் என்று தோன்றும். பார்ப்போம். 13.20 வீதம் 1,950 மணிக்கு 25,740 பவுண்ட். 6,240 போக 19,500. அதில் 5 சதவீதம் 975. மிஞ்சுவது 24,765. தேவை 24,784.50. ஆண்டுக்கு 19 பவுண்ட் 50 பென்ஸ் குறைகிறது. 13.21இல்கூட 98 பென்ஸ் குறையும். 13.22இல்தான் கோட்டைத் தாண்டுகிறது.

வாரம் 40 மணி என்றால் கோடு 13.23. வாரம் 30 மணி என்றால் 13.17. மணி குறையக் குறையக் கோடு கீழே இறங்கக் காரணம், பென்ஷன் கணக்கில் சேராத அந்த 6,240 சிறிய சம்பளத்தில் பெரிய பங்கு. உங்கள் பென்ஷன் திட்டம் 6,240ஐக் கழிக்காமல் முழுச் சம்பளத்துக்கும் 5 சதவீதம் எடுப்பதாக இருந்தால் கோடு 13.38க்கு ஏறிவிடும். எந்த அடிப்படையில் எடுக்கிறார்கள் என்பதைத் திட்ட ஆவணத்தில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 13.30 கொடுக்கும் இடத்தில் ஒரு திட்டம் சட்டப்படி செல்லும், இன்னொன்று செல்லாது.

ஆண்டுச் சம்பளமாகப் பேசி மாதம் ஒரே தொகை தருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். வருடத்துக்கு 52 வாரம் என்று பெருக்குவது வழக்கம். ஆனால் 365 நாளை 7ஆல் வகுத்தால் 52.14 வாரம். 37.5 மணி ஆளுக்கு அந்த ஒரு நாள் வித்தியாசம் 68 பவுண்ட். கோட்டிலேயே நிற்கும் சம்பளத்துக்கு அது போதும் கவிழ்க்க. 52.14ஆல் பெருக்கித் தளத்தை வைப்பது பாதுகாப்பு.

இந்தக் கோடு ஆண்டுதோறும் நகரும். 2023இல் 10.42, 2024இல் 11.44, 2025இல் 12.21, இப்போது 12.71. போன ஆண்டு 12.90 வாங்கியவர் 12.21 கோட்டுக்கு மேலே வசதியாக இருந்தார், சாக்ரிஃபைஸ் செல்லுபடியானது. ஏப்ரலில் அவர் சம்பளம் 13.10 ஆகியிருக்கலாம். சம்பளம் உயர்ந்தது, கோடு அதைவிட உயர்ந்தது. யாரும் எதையும் மாற்றாமலே திட்டம் சட்டமீறல் ஆகிவிட்டது. புது வீதம், ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் சம்பளக் காலத்திலிருந்து பொருந்தும். 26ஆம் தேதி முதல் அடுத்த 25 வரை கணக்குப் பார்க்கும் இடத்தில் ஏப்ரல் 26 முதல். 21ஆவது பிறந்தநாளுக்கும் இதே விதி. 20 வயதில் 10.85 கோட்டுக்கு மேலே தாராளமாக நின்றவர் ஒரே மாதத்தில் 1.86 பவுண்ட் மேலே போன கோட்டைப் பார்ப்பார்.

சாதாரணப் பிடித்தத்திலும் இரண்டு வகை

கோட்டுக்குக் கீழே நிற்பவர்களுக்குச் சாதாரணப் பிடித்தம்தான் வழி என்றால், அதிலும் ரிலீஃப் அட் சோர்ஸ், நெட் பே என்று இரண்டு உண்டு. குறைந்தபட்ச ஊதியம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. வித்தியாசம் வரியில்.

ரிலீஃப் அட் சோர்ஸில் வரி போன சம்பளத்திலிருந்து 4 பவுண்ட் எடுத்தால் பென்ஷன் நிறுவனம் அரசிடம் 1 பவுண்ட் வாங்கிச் சேர்க்கிறது. அரசு அமைத்த பென்ஷன் திட்டமான நெஸ்ட் இப்படித்தான் இயங்குகிறது. ஆண்டு வருமானம் 12,570க்குக் கீழே, வரியே கட்டாத பகுதிநேர ஆளுக்கும் அந்த 1 பவுண்ட் வந்து சேரும். நெட் பேயில் வரி கணக்கிடும் முன்பே 5 பவுண்டும் எடுக்கப்படும். வரி கட்டாதவருக்கு அதில் சலுகை என்று எதுவும் இல்லை. இந்த அநியாயத்தைச் சரிக்கட்ட 2024-25 வரியாண்டு முதல் அரசு ஈட்டுத்தொகை தருகிறது. ஆனால் அது ஆண்டு முடிந்த பிறகு, தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு, அவர் விவரம் கொடுத்த பிறகு வரும். ஆண்டுக்கு 11,000 வாங்கும் பகுதிநேரக்காரருக்கு விஷயம் 47.60 பவுண்ட். கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டால் அதுவும் இல்லை. பகுதிநேர ஆட்கள் அதிகமுள்ள இடத்துக்கு ரிலீஃப் அட் சோர்ஸ் என்பதில் தயக்கமே வேண்டாம். எல்லாரும் 12,570க்கு மேல் வாங்கினால் இரண்டும் ஒன்று. எது சுலபமோ அதை எடுக்கலாம்.

பேரோல் அறிக்கை பச்சை காட்டும், சட்டம் சிவப்பு காட்டும்

சாலரி சாக்ரிஃபைஸ் வைத்திருக்கும் இடங்களில் தவறு பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு சம்பளக் காலத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படும்; அந்தக் காலம் அதிகபட்சம் ஒரு மாதம். மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு மார்ச்சில் குறைந்ததை ஏப்ரலில் ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது, கையில் வரும் எல்லாப் பணமும் கணக்கில் சேராது. டிப்ஸ் சேராது. ஓவர்டைமில் சாதாரண வீதத்துக்கு மேலே தரும் கூடுதல் சேராது. இரவு, ஞாயிறு என்று தரும் மிகை வீதமும் அப்படியே. ஆனால் பென்ஷன் சதவீதம் அந்தக் கூடுதலிலும் எடுக்கப்படுகிறது. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

மணிக்கு 13.25 வாங்கும் ஒருவர் மாதம் 162.5 மணி வேலை செய்கிறார். பென்ஷன் 81.66 போக அவருக்கு 2,071.47. தேவை 2,065.38. ஆறு பவுண்ட் மேலே, சரி. அடுத்த மாதம் கூடுதலாக 20 மணி ஒன்றரை மடங்கு ஓவர்டைம். மொத்தச் சம்பளம் 2,550.63. பென்ஷன் 101.53. மொத்தத்தில் பென்ஷனைக் கழித்து 182.5 மணியால் வகுத்தால் 13.42 வருகிறது, பேரோல் அறிக்கை பச்சை விளக்குக் காட்டும். சட்டத்தின் கணக்கு அப்படி இல்லை. ஓவர்டைமின் மிகைப் பகுதியான 132.50ஐ முதலில் தூக்கிவிட வேண்டும். மிஞ்சும் 2,418.13இல் 101.53 போனால் 2,316.60. தேவை 2,319.58. மணிக்கு 12.69. அதிகம் உழைத்த மாதத்தில், அதிகப் பணம் வாங்கிய மாதத்தில், குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கவில்லை. முரணாகத் தோன்றலாம், கணக்கு அப்படித்தான்.

இதற்கு எளிய மருந்து, பென்ஷனுக்கு விட்டுக்கொடுக்கும் சதவீதத்தை அடிப்படை வீதத்துக்கு மட்டும் சாக்ரிஃபைஸாக வைத்து, ஓவர்டைம் மீதான பங்கைச் சாதாரணப் பிடித்தமாக எடுப்பது. மென்பொருளில் இரண்டு வரி அமைக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் கோட்டுக்கும் சம்பளத்துக்கும் நடுவே 50 பென்ஸ் அல்ல, 80 பென்ஸாவது இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, மறைந்து கிடக்கும் மணிகள். கடை திறப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் ஷட்டர் தூக்கி, கல்லாப்பெட்டி எண்ணுவது வேலை நேரம்தான். மாதம் 21 நாள் என்றால் 5.25 மணி, 12.71 வீதம் 66.73 பவுண்ட். மேலே பார்த்த ஆறு பவுண்ட் இடைவெளியை இது பத்து மடங்குக்கு மேல் விழுங்கிவிடும். தொழிலாளி சொந்தக் காசில் வாங்க வேண்டிய கறுப்புக் கால்சட்டையும் காலணியும்கூட அந்த மாதச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் செலவுதான். சாக்ரிஃபைஸ் இல்லாத இடத்திலும் இவை தவறுகளே. சாக்ரிஃபைஸ் வந்ததும் தவறைத் தாங்கும் இடைவெளி போய்விடுகிறது.

சைக்கிளும் காரும்

2017 ஏப்ரலுக்குப் பிறகு சாலரி சாக்ரிஃபைஸில் வரிச்சலுகை மிஞ்சியவை சில மட்டுமே: பென்ஷன், சைக்கிள், மிகக் குறைந்த புகை விடும் கார், இன்னும் ஒன்றிரண்டு. பென்ஷனில் சதவீதம் மணியோடு சேர்ந்து ஏறி இறங்கும். சைக்கிளிலும் காரிலும் மாதத் தொகை நிலையானது. அதுவே இவற்றின் ஆபத்து.

முதலில் பார்த்த 13.50 பவுண்ட்காரருக்கு பென்ஷன் போக மிஞ்சும் இடைவெளி ஆண்டுக்கு 536.25, மாதம் 44.69. அவர் 800 பவுண்ட் சைக்கிளை 12 மாதத்தில் எடுக்க நினைத்தால் மாதம் 66.67. முடியாது. 24 மாதமாக நீட்டினால் 33.33. முடியும். மணிக்கணக்கில் கூலி என்றால் இன்னும் ஒரு சோதனை: சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதம். அவர் 75 மணி மட்டும் வந்த மாதத்தில் பென்ஷன் போக இடைவெளி 34.63, தப்பித்தார். 60 மணி வந்த மாதத்தில் 32.90, 43 பென்ஸ் மீறல். ஆகவே “மணி இத்தனைக்குக் கீழே போனால் அந்த மாதத் தவணை தள்ளிவைக்கப்படும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாடகைக் காலம் முடிந்ததும் சைக்கிளைச் சொந்தமாக்க ஒரு தொகை உண்டு: 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு வரித்துறை ஏற்கும் மதிப்பு ஓராண்டில் 25 சதவீதம், இரண்டாண்டில் 17. வரி மிச்சம் 28 சதவீதம் என்று விளம்பரத்தில் போடுபவர்கள் இதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

கோட்டிலேயே நிற்பவருக்கு சைக்கிள் வேண்டுமென்றால் வட்டியில்லாக் கடன் நல்ல வழி. முதலாளி கொடுத்த கடனையோ முன்பணத்தையோ சம்பளத்தில் திரும்பப் பிடிப்பது குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைத்ததாகாது. மொத்தக் கடன் 10,000 பவுண்டைத் தாண்டாதவரை வரியும் இல்லை. வரி மிச்சம் கிடைக்காது. ஆனால் 800 பவுண்டை ஒரே நாளில் புரட்ட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: கடன் என்று பெயர் வைத்து, முதலாளியே விற்கும் பொருளுக்குத் தவணை பிடிப்பது. மிடில்ஸ்பரோ கால்பந்துக் கழகம் இதில்தான் சிக்கியது. ஊழியர்களே எழுதிக் கேட்டதால் அவர்களின் சீசன் டிக்கெட் விலையை வாரச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தது கழகம். முதலில் தீர்ப்பாயம் கழகத்தின் பக்கம் நின்றது. 2020இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாற்றியது: பணம் கழகத்துக்கே போகிறது, ஆகவே அது முதலாளியின் சொந்தப் பயனுக்கான பிடித்தம், ஊதியத்தைக் குறைக்கிறது. ஊழியர் கேட்டார், கையெழுத்துப் போட்டார், பலனும் அடைந்தார் என்பதெல்லாம் உதவவில்லை.

மின்சாரக் கார் இந்தச் சம்பளத்துக்கு ஒத்துவராது என்றே சொல்லலாம். மாதம் 350 பவுண்ட் கார், கூடவே 5 சதவீதப் பென்ஷன் என்றால் 37.5 மணிக்காரர் மணிக்குக் குறைந்தது 15.48 வாங்க வேண்டும். அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டும். 2023 ஏப்ரலுக்குப் பின் மூன்றாண்டில் கோடு 2.29 உயர்ந்தது, 1,950 மணிக்கு அது 4,465 பவுண்ட். குத்தகையை நடுவில் முறித்தால் அபராதம், தொடர்ந்தால் சம்பளத்தை முதலாளி கூட்டித் தர வேண்டும். மூன்று ஏப்ரல்களைத் தாங்கும் இடைவெளி இல்லாதவருக்கு இதைக் கொடுக்க ஒப்புக்கொள்ளவே கூடாது.

கலப்பு வழி

நான்கைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், சிலர் 12.71இலும் சிலர் 15, 16இலும் இருந்தால், இரண்டு கூட்டமாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கோட்டுக்கு மேலே தாராளமாக இருப்பவர்களுக்கு சாக்ரிஃபைஸ். மற்றவர்களுக்குச் சாதாரணப் பிடித்தம். 2029 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல் சாக்ரிஃபைஸ் செய்த பென்ஷனுக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் சலுகை இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆயிரம் பவுண்ட் சுற்றிப் போடுபவர்களை அது தொடாது.

ஒப்பந்தத் திருத்தக் கடிதம் சம்பள நாளுக்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். வேலை செய்து முடித்த மாதத்துக்கும் சேர்த்து முன்தேதியிட்டால் அது சாக்ரிஃபைஸ் அல்ல. கடிதத்தில் பழைய சம்பளத்தை ஒப்பீட்டுச் சம்பளமாகக் குறிப்பிட்டு, ஓவர்டைம் வீதமும் அடுத்த உயர்வும் அதிலிருந்தே கணக்கிடப்படும் என்று எழுதுங்கள். கோட்டைத் தொடும் மாதத்தில் சாக்ரிஃபைஸ் தானாக நின்று, பென்ஷன் பங்கு சாதாரணப் பிடித்தமாக மாறும் என்பதும் வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தங்களே பின்னால் வம்பு இழுக்கின்றன. பேஸ்லிப்பில் குறைந்த சம்பளம் தெரிய வேண்டும். முழுச் சம்பளத்தைப் போட்டு, வரிக்குப் பிறகு ஒரு கழிவாகக் காட்டினால் வரித்துறை அதைச் சாக்ரிஃபைஸாக ஏற்காது. யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது: சாக்ரிஃபைஸ் வேண்டாம் என்பவரையும் பென்ஷனில் வேறு வழியில் சேர்த்தே ஆக வேண்டும்.

தொழிலாளி தன் பக்கம் யோசிக்க வேண்டியதும் உண்டு. மகப்பேற்றுக் காலச் சட்டப்படியான ஊதியம் சராசரி வாரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் ஆறு வாரம் அதில் 90 சதவீதம். சாக்ரிஃபைஸ் செய்த குறைந்த சம்பளமே அந்தச் சராசரிக்குள் போகும். குழந்தை பெறத் திட்டமிடுபவர் கணக்கிடும் மாதங்களுக்கு முன்பே வெளியே வருவது நல்லது. முதலாளிக்கும் இதில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. சட்டப்படியான மகப்பேற்று ஊதியத்திலிருந்து எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தப்படி தரும் வசதிகள் விடுப்பிலும் தொடர வேண்டும். அந்த மாதங்களில் 8 சதவீதமும் முதலாளியின் பையிலிருந்தே போகும். சாதாரணப் பிடித்தத்தில் இந்தச் சுமை வராது.

தவறினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணில் பார்க்கலாம். 12 பேருக்கு மாதம் 50 பவுண்ட் வீதம் இரண்டு ஆண்டு குறைந்தால் பாக்கி 14,400. கோடு உயர்ந்திருந்தால் பாக்கியை இன்றைய வீதத்துக்கு ஏற்றித் தர வேண்டும். அபராதம் பாக்கியின் 200 சதவீதம்: 28,800, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. பாக்கி 500 பவுண்டைத் தாண்டினால் நிறுவனத்தின் பெயர் அரசின் பட்டியலில் வெளிவரலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, தொழிலாளி சம்மதித்துச் சேர்ந்த சாக்ரிஃபைஸால் வந்த குறைவுக்குச் சில நிபந்தனைகளின் பேரில் அபராதத்தை விட்டுவிடுகிறார்கள். பாக்கியை விடுவதில்லை. பென்ஷனில் ஏற்கெனவே போன பணமும் திரும்பி வராது. அதே 14,400ஐ முதலாளி இரண்டாவது முறை சம்பளமாகத் தருகிறார். அந்த 14,400இல் சாக்ரிஃபைஸால் அவர் மிச்சம் பிடித்தது, அதிகம் போனால் 15 சதவீதம்: 2,160 பவுண்ட்.